இடிப்பதற்கு முன் நடந்து பார்த்த மனிதர்: பேராசிரியர் பற்றிக் கெடிஸ்

கடை வாசலில் தொங்கவிடப்படும் பெயர்ப்பலகை எத்தனை அடி நீளமாக இருக்கலாம், மதிலை வீதியோரத்திலிருந்து எவ்வளவு தள்ளி எழுப்ப வேண்டும், வீட்டு வளவில் எவ்வளவு நிலத்தை வெறுமையாக விட வேண்டும், வீதியோரத்து மரத்தை எவரது அனுமதியுடன் தறிக்கலாம் என்பன போன்ற விடயங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் துணைவிதிகளில் அடங்குபவை. தேர்தல் மேடைகளில் இவை பேசப்படுவதில்லை. பொதுமக்களில் பெரும்பாலானோர் இவ்விதிகளைப் பற்றி முதன்முதலாக அறிந்துகொள்வது, அகற்றுமாறு கூறும் அறிவித்தல் கைக்குக் கிடைக்கும் நாளிலேதான். ஆயினும் ஒரு நகரத்தின் முகத்தோற்றத்தை மாத்திரமன்றி, அந்நகரத்தில் யார் வாழலாம், யார் வெளியேற வேண்டும் என்பதையும் இச்சிறு விதிகளே பல சந்தர்ப்பங்களில் தீர்மானித்து விடுகின்றன.

இவ்விதிகளை எவர் வகுக்க வேண்டும், எதைப் பார்த்து வகுக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமது வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தவர் என்று ஒருவரைக் கூற முடியுமாயின், அவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் பற்றிக் கெடிஸ் ஆவார். அவர் பொறியியலாளர் அல்லர். சட்டத்தரணியும் அல்லர். அடிப்படையில் அவர் ஒரு தாவரவியலாளர். 1932ஆம் ஆண்டு காலமான அவரை உலகம் நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகிறது. தஞ்சாவூரிலும் மதுரையிலும் லாகூரிலும் இந்தூரிலும் நடந்து திரிந்த அவரது கால்கள் கொழும்பு வீதிகளிலும் பதிந்துள்ளன என்பதால், அவரது வாழ்க்கை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பலற்றர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் பின்னர் பேர்த் நகரையொட்டிய மலைச்சாரலில் குடியேறியது. அங்கிருந்த வீட்டுத் தோட்டமும், அதற்கு அப்பால் விரிந்து கிடந்த பள்ளத்தாக்கும், கீழே தெரிந்த நகரமும் ஒரே காட்சியாகச் சிறுவனின் கண்களில் பதிந்தன. செடியையும் நகரையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காத பிற்காலச் சிந்தனைக்கு அந்த மலைச்சாரலே முதற்பள்ளி எனலாம்.

தந்தையாரின் விருப்பத்துக்கு இணங்கிச் சிறிது காலம் வங்கியொன்றில் பயிற்சி பெற்ற கெடிஸ், அத்தொழிலில் மனம் ஒன்றாது விலகினார். தாவரவியல் கற்பதற்காக எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வாரத்துக்குள்ளேயே அங்கிருந்தும் வெளியேறினார். உலர்ந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு பெயர்களை மனனஞ் செய்யும் கல்வி அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. அதன் பின்னர் லண்டன் சென்று, டார்வினின் கொள்கையை மக்கள் மத்தியில் பரப்பிய தோமஸ் ஹக்ஸ்லியிடம் 1874 முதல் பாடங் கேட்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் பெறாமலேயே பிற்காலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களில் பேராசிரியரானமை அவரது வாழ்வின் விசித்திரங்களுள் ஒன்று.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிக்கோ சென்றிருந்தபோது அவரது கண்பார்வை மங்கியது. இருட்டறை ஒன்றில் வாரக்கணக்கில் அடைந்து கிடக்க நேர்ந்தது. நுணுக்குக்காட்டியே வாழ்வென்றிருந்த இளைஞனுக்கு இது பேரிடியாகும். அந்த இருளில், சாளரத்தின் சட்டங்களைக் கைகளால் தடவித் தடவி, அதன் கட்டங்களுள் ஒன்றுக்கொன்று தொடர்புடைய எண்ணங்களை நிரல்படுத்தும் முறையொன்றை அவர் உருவாக்கிக்கொண்டார். பார்வை மீண்ட பின்னரும் அவரது கண்கள் நீண்ட நேர நுணுக்குக்காட்டி வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் இருந்த உயிரணுவை விட்டு, மனிதர்கள் கூடி வாழும் நகரம் என்னும் பெரிய உயிரியை நோக்கி அவர் திரும்பினார்.

அக்காலத்து எடின்பரோவின் பழைய நகரம் எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவரது பணியின் பெறுமதி விளங்கும். ஒடுங்கிய ஒழுங்கைகளின் இருமருங்கிலும் அடுக்கடுக்காக உயர்ந்த பழைய கட்டடங்களில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். வசதி படைத்தோர் நகரத்தின் புதிய பகுதிக்குக் குடிபெயர்ந்து விட்டனர். 1861ஆம் ஆண்டு நவம்பரில் பிரதான வீதியிலிருந்த அத்தகைய கட்டடமொன்று நள்ளிரவில் இடிந்து வீழ்ந்ததில் 35 பேர் மாண்டனர். அதன் பின்னரே நகரத்துக்கென முதலாவது சுகாதார வைத்திய அதிகாரி நியமிக்கப்பட்டார். 1867இல் நகர மேம்பாட்டுச் சட்டமொன்றும் கொண்டுவரப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் பழைய ஒழுங்கைகள் பல தரைமட்டமாக்கப்பட்டு அகன்ற வீதிகள் அமைக்கப்பட்டன. வீதிகள் அழகாயின என்பது உண்மையே. ஆனால் வீடிழந்த ஏழைகள் எஞ்சியிருந்த ஒழுங்கைகளில் மேலும் நெருக்கமாகக் குடியேறினர். ஓரிடத்தில் அகற்றப்பட்ட நெரிசல் மற்றோரிடத்தில் இருமடங்காகத் தோன்றியது.

இந்த அனுபவம் கெடிஸின் சிந்தனையைக் கூர்மைப்படுத்தியது. 1886இல் அனா மோர்ட்டன் என்னும் பெண்மணியை மணந்த அவர், அடுத்த ஆண்டு தமது இல்லற வாழ்வை அப்பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தைச் சூழ்ந்த அடுக்குவீடொன்றுக்கு மாற்றினார். அங்கு குடியிருந்தோர் பரம ஏழைகள். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றும் ஒருவர் மனைவியுடன் அத்தகைய இடத்துக்குச் செல்வது அன்றைய சமூகத்தில் விந்தையாகப் பார்க்கப்பட்டது. தம்பதியர் அயலவர்களுடன் சேர்ந்து முற்றத்தைக் கூட்டினர். சுவர்களுக்கு வெள்ளையும் வர்ணமும் பூசினர். சாளரங்களில் பூச்செடிப் பெட்டிகளை வைத்தனர். தாங்கவே முடியாதபடி பழுதுபட்டிருந்த பகுதிகளை மாத்திரம் அகற்றி, அவ்விடத்தில் வெளிச்சம் விழச் செய்தனர். சட்டம் இயற்றி இப்பணி தொடங்கப்படவில்லை. தும்புத்தடியும் சுண்ணாம்பு வாளியுமே அதன் ஆரம்பக் கருவிகளாகும்.

அதே ஆண்டில் மாணவர்கள் தாமே நிருவகிக்கும் விடுதியொன்றை அவர் பழைய நகரத்தில் ஆரம்பித்தார். ஏழைகள் மாத்திரம் வாழும் பகுதியாகப் பழைய நகரம் ஒதுக்கப்படக் கூடாது, கற்றோரும் தொழிலாளரும் அயலவராக வாழ வேண்டும் என்பதே இதன் உள்நோக்கம். 1890களில் கோட்டைக்கு அருகில் ராம்சே கார்டன் என்னும் குடியிருப்புத் தொகுதி எழுந்தது. கடன் வாங்கியே இவையெல்லாம் செய்யப்பட்டன. வரவுசெலவில் கெடிஸ் கவனமற்றவர். கணக்குகளைச் சமாளித்துக் குடும்பத்தையும் தாங்கியவர் அனா அம்மையாரே. இறுதியில் 1896இல் கூட்டுப் பங்கு நிறுவனமொன்று அச்சொத்துகளைப் பொறுப்பேற்க நேர்ந்தது.

1892இல் கோட்டை வீதியிலிருந்த உயரமான கட்டடமொன்றைப் பெற்று அதனை அவர் நோக்குக் கோபுரமாக மாற்றினார். உச்சியிலிருந்த இருட்டறைக்குள் நகரத்தின் அசையும் காட்சி ஒரு வெண்மேசை மீது விழும். அதனைப் பார்த்த பின்னர் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க வேண்டும். முதலில் எடின்பரோ, பின் ஸ்கொட்லாந்து, அதன் பின் ஐரோப்பா, இறுதியில் உலகம் என அத்தளங்கள் அமைந்திருந்தன. தன் ஒழுங்கையை முதலில் அறிந்தவனே உலகை அறிவான் என்பது இக்கோபுரம் கற்பித்த பாடம்.

அக்கோபுரத்தை மையமாகக் கொண்டு இயங்கிய குழுவொன்று பழைய நகரத்தில் பயன்பாடின்றிக் கிடந்த வெற்றிடங்களைக் கணக்கெடுத்தது. குப்பை கொட்டப்பட்டும் இடிபாடுகள் நிறைந்தும் கிடந்த அத்தகைய துண்டு நிலங்கள் 75 என்றும், அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 10 ஏக்கர் என்றும் தெரியவந்தது. இடமே இல்லை என்று அனைவரும் கூறிக்கொண்டிருந்த நெரிசலான நகரத்தில் இவ்வளவு நிலம் எவரது கண்ணிலும் படாமல் கிடந்தது. அவற்றுட் சில சிறு தோட்டங்களாக மாற்றப்பட்டன. தோட்டங்களை வடிவமைப்பதில் கெடிஸின் மகள் நோரா முன்னின்றார். ஒழுங்கைச் சிறுவர்கள் அங்கே செடி நட்டனர். நகர அழகுபடுத்தல் என்றால் வீடுகளை அகற்றிப் புற்றரை போடுவது என்று எண்ணுவோர் இந்த 75 துண்டுகளின் கதையைக் கவனத்திற் கொள்வது நன்று.

1888 முதல் டண்டி நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக அவர் விளங்கினார். கோடைப் பருவத்தில் மாத்திரம் கற்பித்தால் போதுமானது என்ற ஏற்பாடு அங்கிருந்தமையால், ஆண்டின் எஞ்சிய காலத்தை நகரங்களுக்காகச் செலவிட முடிந்தது. 1904இல் டன்பர்ம்லின் நகரத்துக்காகப் பூங்காவும் கலாசார நிலையங்களும் அடங்கிய விரிவான திட்டமொன்றை வரைந்தார். செல்வந்தர் அன்ட்ரூ கார்னேகியின் நம்பிக்கை நிதியத்தின் வேண்டுகோளின் பேரில் எழுதப்பட்ட அவ்வறிக்கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அவரது வாழ்வில் ஏற்றுக்கொள்ளப்படாத அறிக்கைகள் இதன் பின்னரும் பல உண்டு.

பிரித்தானியாவில் நகரத்தின் தோற்றத்தைச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் வேகமடைந்த காலமும் அதுவே. 1907ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குபடுத்தற் சட்டம், பெரும் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தவும் பொதுப் பூங்காக்களின் எழிலை அவை கெடுக்காமற் தடுக்கவும் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்கு வழங்கியது. 1909இல் அந்நாட்டின் முதலாவது நகரத் திட்டமிடற் சட்டம் நிறைவேறியது. கெடிஸ் இத்தகைய சட்டங்களின் தேவையை மறுத்தவர் அல்லர். ஆயின் சட்டத்துக்கு முன் ஆய்வு, ஆய்வுக்கு முன் நடை என்பது அவரது நிலைப்பாடு. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்பே மருத்துவன் மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்று நமது வள்ளுவர் வகுத்த நெறியை, அவரை அறியாமலேயே நகரங்களுக்குப் பொருத்தியவர் கெடிஸ் எனலாம். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயாமல் கோடு கீறக் கூடாது என்பது அவரது பாடத்தின் சாரம். பிரெஞ்சு சமூக ஆய்வாளர் லெப்ளேயின் சிந்தனையிலிருந்து அவர் இம்மும்மையைப் பெற்றுக்கொண்டார்.

நகரங்களின் வரலாற்றையும் வருங்காலத்தையும் வரைபடங்கள் வாயிலாக விளக்கும் கண்காட்சியொன்றை அவர் பல ஆண்டுகளாகச் சேகரித்து வந்தார். 1913இல் பெல்ஜியத்தின் கெந்த் நகரில் அதற்கு உயர் பரிசு கிடைத்தது. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1914இல் அக்கண்காட்சி சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டது. அப்போது முதலாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1914 செப்டெம்பரில் சென்னை மீது குண்டு வீசியதும், நமது பேச்சு வழக்கில் இன்றும் தந்திரசாலிக்குப் பெயராக வழங்குவதுமான எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல், ஒக்டோபரில் கிளான் கிரான்ட் என்ற சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. கெடிஸின் வாழ்நாட் சேகரிப்பு அக்கப்பலோடு கடலடியிற் போய்ச் சேர்ந்தது. அறுபது வயதைக் கடந்திருந்த அவர் மனந் தளரவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் இந்தியாவின் சுமார் ஐம்பது நகரங்களைப் பற்றி அவர் அறிக்கைகளை எழுதினார். தமிழ் நாட்டின் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. கோயிலை நடுவே கொண்டு, அதனைச் சுற்றித் தேரோடும் வீதிகள் சதுரஞ் சதுரமாக விரியும் அமைப்பில், ஐரோப்பியர் கற்றுக்கொள்ள வேண்டிய நகரக் கலையொன்று உண்டென அவர் கண்டார். கோயில் நகரங்களைப் பற்றி 1919இல் தனிக் கட்டுரையொன்றையும் வெளியிட்டார். ஆட்சியாளர்களில் பலர் அந்நகரங்களைச் சுகாதாரக் கேட்டின் உறைவிடங்களாக மாத்திரம் நோக்கிய காலத்தில் இத்தகைய பார்வை அபூர்வமானது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் அவர் செய்த பணி இன்றும் நகரத் திட்டமிடல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. நெரிசலைப் போக்குவதற்காகக் குடியிருப்பின் ஊடாக நேரான வீதிகளை வெட்டுவது என்பது நகராட்சியின் திட்டம். அவ்வாறு வெட்டினால் உறுதியான வீடுகள் பல இடிபடும். குடும்பங்கள் தெருவுக்கு வரும். செலவும் பெரிது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உண்மையில் பாழடைந்தது, எது செப்பனிடக் கூடியது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே சிறு கோயில் என்று குறித்துக்கொண்டார். இடிந்து கிடந்தவற்றை மாத்திரம் அகற்றி, அந்த வெளிகளை ஒன்றோடொன்று இணைத்து, மரநிழலுடன் கூடிய சிறு சதுக்கங்களாக்கினால் போதும் என்று காட்டினார். இருக்கும் ஒழுங்கைகளைச் சிறிது அகட்டினாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும். செலவோ நகராட்சித் திட்டத்தின் ஒரு சிறு பங்கு மாத்திரமே. உறுப்பைக் காத்து நோயை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு அவர் இம்முறையை ஒப்பிட்டார்.

குளங்களைப் பற்றியும் அவர் இவ்வாறே வாதாடினார். மலேரியாவைத் தடுப்பதற்காக நகரக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்பது அன்றைய சுகாதார அதிகாரிகள் பலரின் முடிவு. குளத்தைத் தூர்த்தால் நிலத்தடி நீரும் குளிர்ச்சியும் போய்விடும், வெள்ளம் வந்தால் தங்கவும் இடமிராது என்பது அவரது கருத்து. நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்கு மீன்களையும் வாத்துகளையும் வளர்க்குமாறு அவர் ஆலோசனை கூறினார். மழை பெய்தால் முழங்காலளவு நீரில் நடக்கும் நமது நகரவாசிகளுக்கு இக்கருத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அவரது இந்திய வாழ்வின் மிகச் சிறந்த அத்தியாயம் இந்தூர் சமஸ்தானத்தில் இடம்பெற்றது. கொள்ளைநோயினால் அந்நகரம் நிலைகுலைந்திருந்தது. வீதிகளில் குறிப்பேட்டுடன் திரியும் வெள்ளையரைக் கண்டு மக்கள் அஞ்சினர். தங்கள் வீட்டை இடிப்பதற்கே அவர் அளவெடுக்கிறார் என்பது அவர்களது எண்ணம். இதனை உணர்ந்த கெடிஸ், தம்மை ஒரு நாள் மாத்திரம் மகாராஜாவாக இருக்க விடுமாறு சமஸ்தானத்தாரைக் கேட்டுக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் வரவிருந்த நேரம் அது. அந்நகரில் ஊர்வலங்கள் செல்வதற்கு இந்துக்களுக்கென ஒரு பாதையும் முஸ்லிம்களுக்கென ஒரு பாதையும் வழக்கத்தில் இருந்தன. இம்முறை அவ்விரண்டிலும் செல்வதில்லை, எந்தத் தெருவினர் தங்கள் வீடுகளையும் வாசல்களையும் அதிகம் சுத்தஞ் செய்து செப்பனிடுகின்றார்களோ அந்தத் தெருவின் வழியாகவே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது.

நகரமே விளக்குமாறைக் கையிலெடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அசுத்தத்தின் அரக்கனும் கொள்ளைநோயைப் பரப்பும் பிரமாண்டமான எலியும் உருவங்களாக வலம் வந்து, முடிவில் தீக்கிரையாயின. அனைத்திலும் மேலாக, தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த துப்புரவுத் தொழிலாளர் தூய வெள்ளுடையுடன் மாலையணிந்து, அலங்கரிக்கப்பட்ட வண்டிகளோடு அவ்வூர்வலத்தில் கௌரவமாக நடந்து வந்தனர். தண்டத்தினால் சாதிக்க முடியாததை மதிப்பினால் சாதிக்கலாம் என்பதை அன்று அந்நகரம் கண்டது. அதன் பின்னர் குறிப்பேட்டுக்காரரைக் கண்டு எவரும் கதவடைக்கவில்லை என்பர்.

பொதுவாழ்வில் இவ்வெற்றிகள் கிடைத்த அதே காலத்தில் சொந்த வாழ்வில் அவருக்கு நேர்ந்த இழப்புகள் மிகக் கொடியவை. தந்தையுடன் இந்தியாவுக்கு வந்து கண்காட்சிப் பணிகளில் துணைநின்ற மூத்த மகன் அலஸ்டயர், 1917 ஏப்ரலில் பிரான்சின் போர்முனையில் கொல்லப்பட்டார். இந்தியாவில் காய்ச்சலுற்றுப் படுக்கையில் இருந்த அனா அம்மையாருக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை. மகன் உயிரோடிருக்கிறான் என்ற எண்ணத்துடனேயே அவர் அவ்வாண்டு ஜூன் மாதம் கண்மூடினார். இரண்டு துயரங்களையும் தனியே சுமந்துகொண்டு கெடிஸ் மீண்டும் வீதியில் இறங்கினார். 1917ஆம் ஆண்டிலேயே லாகூர் நகரைப் பற்றிய அறிக்கையும் அடுத்த ஆண்டில் இந்தூர் பற்றிய இரு பாகங்கள் கொண்ட பேரறிக்கையும் வெளிவந்தன. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அவரது பணிகளுள் விமர்சனத்துக்குரியதாக நிற்பது பலஸ்தீனத்தில் ஆற்றிய பணியாகும். 1919இல் சியோனிச அமைப்பின் அழைப்பின் பேரில் ஜெரூசலம் சென்று, அங்கு அமையவிருந்த ஹீப்ரூ பல்கலைக்கழகத்துக்குத் திட்டம் வரைந்தார். அத்திட்டம் பெரும்பாலும் நிறைவேறவில்லை. 1925இல் அவர் டெல் அவிவ் நகருக்கு வகுத்த திட்டமோ நடைமுறைக்கு வந்தது. உட்புறத் தோட்டங்களைச் சூழ்ந்த சிறு குடியிருப்புத் தொகுதிகளும் நிழல் வீதிகளும் கொண்ட அத்திட்டம் நுட்பத்தில் உயர்ந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் அடுத்தே இருந்த யாபா நகரின் அரபு மக்கள் அத்திட்டத்தை வேண்டியவர்களும் அல்லர், வகுத்தவர்களும் அல்லர். 1948இல் யாபாவின் அரபு மக்களில் மிகப் பெரும்பாலானோர் தங்கள் ஊரை இழந்து வெளியேறினர். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரை அதற்குப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. எனினும் இடம், தொழில், மக்கள் என்ற அவரது அளவுகோலில் மக்கள் என்ற சொல் எவரையெல்லாம் உள்ளடக்கும் என்ற கேள்வியை, அவரது சீடர்கள் கூட அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டியுள்ளது.

இலங்கையுடனான அவரது தொடர்பு 1921இல் அச்சான கொழும்பு நகரத் திட்டமிடல் பற்றிய பூர்வாங்க அறிக்கையாகும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்திருந்தது. வீதிக் கோடு, கட்டடத்தைச் சுற்றி விடப்பட வேண்டிய வெளி போன்ற விதிகளை நமது உள்ளூராட்சி மன்றங்கள் கையாளத் தொடங்கிய காலம் அது. கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரம் என்று வர்ணிக்கும் மரபு கெடிஸின் பெயரோடு இணைத்தே பேசப்பட்டு வருகிறது. கறுவாத்தோட்டத்தின் நிழல் வீதிகளைப் பார்ப்போர் அவ்வர்ணனையை ஏற்பர். புறக்கோட்டையின் பின் ஒழுங்கைகளிலும் வாழைத்தோட்டத்தின் தோட்டக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தோருக்கு அப்பூங்காவின் நிழல் எந்தளவு எட்டியது என்பது வேறு விடயம்.

1924இல் உடல்நலம் குன்றிய நிலையில் இந்தியாவை விட்டு நீங்கிய கெடிஸ், பிரான்சின் தென்பகுதியிலுள்ள மொன்பெலியேயில் ஸ்கொட்லாந்துக் கல்லூரி என்ற பெயரில் ஒரு கல்வி நிலையத்தை நிறுவினார். கல்லும் கரடுமாகக் கிடந்த நிலத்தில் தோட்டமமைப்பதே மாணவர்களுக்கும் அவருக்கும் அன்றாடப் பாடமாயிற்று. முன்னொரு முறை மறுத்துவிட்ட சேர் பட்டத்தை 1932இன் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அங்கேயே காலமானார். அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்போர்ட் போன்றோர் அவரைத் தமது ஆசானாகக் கொண்டனர்.

அவரிடம் குறைகளும் இருந்தன. அவரது எழுத்து சுற்றிவளைத்துச் செல்வது. தொடங்கிய காரியங்கள் பலவற்றை அவர் முடித்ததில்லை. இந்திய நகராட்சிகளுக்கு அவர் எழுதிய அறிக்கைகளிற் பல அலுமாரிகளிலேயே உறங்கின. இருந்தும் அவரது பாடம் இன்னும் காலாவதியாகவில்லை என்பதற்கு நமது நாட்டின் அண்மைக்கால அனுபவங்களே சான்று.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக் கூடாதென அறிவிக்கப்பட்டது. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடலோடு வாழ்ந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு 200 மீற்றருக்கு அப்பால் காணி எங்கே உள்ளது என்பதை அளந்து பார்க்காமலே அக்கோடு கீறப்பட்டது. 2005இல் அது தளர்த்தப்பட்டபோதிலும் அதற்குள் மக்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று. 2010 மே மாதம் கொழும்பு கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் அயலவராக வாழ்ந்த பகுதியில் வீடுகள் தகர்க்கப்பட்டன. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் நகர அழகுபடுத்தலின் பேரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பழைய தோட்டங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நடைபாதை விரிந்தது, புற்றரை பசுமையாயிற்று, வெளிநாட்டார் பாராட்டினர். ஒழுங்கையில் சாப்பாட்டுப் பார்சல் விற்றுப் பிழைத்த தாய் பத்தாவது மாடியில் யாருக்கு விற்பது என்ற கேள்வி எந்த வரைபடத்திலும் இடம்பெறவில்லை.

இதனைக் கொண்டு விதிகளே வேண்டாம் என்று எவரும் வாதிட முடியாது. சந்தியை மறைக்கும் விளம்பரப் பலகை விபத்துக்கு வழிவகுக்கும். வடிகானுக்கு மேல் கட்டப்பட்ட கடை அயலாரின் வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்பும். மரமின்றிச் சீமெந்து பூசப்பட்ட வளவு ஊரையே சூடாக்கும். விதிகள் அவசியம்தான். அவற்றை வகுப்போர் முதலில் அந்த வீதியில் நடக்க வேண்டும் என்பதே கெடிஸின் கோரிக்கை. சபையின் உறுப்பினரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரு நாளாவது தமது வட்டாரத்தின் ஒழுங்கைகளில் குறிப்பேட்டுடன் நடந்து, எத்தனை வெற்றுத் துண்டு நிலம் உண்டு, எத்தனை மரம் உண்டு, எந்தக் கடைக்காரர் எதற்காகப் பலகையை வெளியே நீட்டியிருக்கிறார், எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கு வாழ்கிறது என்று எழுதிக்கொண்டு வந்த பின்னரே துணைவிதியின் முதல் வரியை எழுத வேண்டும்.

அதற்குப் பெருஞ் செலவேதும் இல்லை. இந்தூரின் மக்கள் குறிப்பேட்டைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம், அதுவரை அத்தகைய குறிப்பேடுகளுக்குப் பின்னால் கடப்பாரைகளே வந்திருந்தமையாகும். நமது ஒழுங்கைகளிலும் அதே அச்சம் இருக்கிறது. அதனைப் போக்கும் பொறுப்பு நடந்து பார்க்க வேண்டியவர்களுடையது.